ஜப்பானிய இனிப்பு தருவிப்போர் கவனத்திற்கு: ஒட்டுச்சீட்டுக்கு அடியில் இருந்த தேதி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே வசிக்கிறோம். என் மகள் ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலையில் தேறியதைக் கொண்டாடுவதற்காக, ஜப்பானிலிருந்து நேரடியாக இனிப்பு அனுப்புவதாகத் தமிழிலும் மலையாளத்திலும் விளம்பரம் செய்யும் ஓர் இணைய விற்பனையாளரிடம் 2025 பிப்ரவரி 3 அன்று 6,800 ரூபாய் செலுத்தினேன். அதில் 2,400 ரூபாய் ஈஎம்எஸ் என்னும் விரைவு அஞ்சலுக்கு என்று ரசீதிலேயே தனியாகக் குறித்திருந்தார்கள். பத்து நாளில் வரும் என்றார்கள். ஏப்ரல் 11 அன்றுதான் வந்தது.

பெட்டியில் எட்டு டைஃபுகு, இரண்டு கட்டி யோகான், ஒரு டப்பா ராகுகான் இருந்தன. டைஃபுகு என்பது பசையரிசி மாவுக்குள் சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்த உருண்டை. நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம். அதைப் போலவே நாள்பட வைத்திருக்கும் பண்டமும் அன்று. எட்டிலும் பச்சைப் பூசணம் படர்ந்திருந்தது.

ஆயினும் ஒவ்வொரு உறையிலும் 'ஏப்ரல் 25 வரை' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. மகள் அதை நகத்தால் சுரண்டி எடுத்தபோது அடியில் 25.2.14 என்று இருந்தது. இருபத்தைந்தாம் தேதிதானே என்று நான் கேட்க, "அம்மா, அவங்க வருஷத்தைத்தான் முதல்ல எழுதுவாங்க" என்றாள். அதாவது 2025 பிப்ரவரி 14. தேதிக்கு முன்னால் இருந்த சொல் 'ஷோஹி கிகென்'. ஜப்பானில் இரண்டு வகைத் தேதிகள் உண்டு: 'ஷோமி கிகென்' என்றால் அதுவரை சுவை குன்றாது என்று பொருள், 'ஷோஹி கிகென்' என்றால் அதற்குப் பிறகு உண்ணக் கூடாது என்று பொருள், விரைவில் கெடும் பண்டங்களுக்கு மட்டுமே அதை இடுவார்கள். அஞ்சல் தடத்தைப் பார்த்தால், ஜப்பானில் பொதியை ஒப்படைத்த நாள் பிப்ரவரி 12. இரண்டே நாளில் காலாவதியாகும் பண்டத்தைத் தெரிந்தே கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள்.

தட எண்ணும் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. ஜப்பானிலிருந்து வரும் ஈஎம்எஸ் எண் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி 'ஜேபி' என முடியும்; எங்களுடையது 'சி'யில் தொடங்கியது, அது சாதாரணப் பார்சலுக்கு உரியது. முதல் வாரத்திலேயே இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது என்னையே நொந்துகொள்கிறேன்.

மார்ச் மாதத்தில் சுங்கவரி என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு தனிநபரின் யுபிஐ முகவரியை அனுப்பி 950 ரூபாய் கேட்டார்கள். பொதி நின்றுவிடுமோ என்ற பயத்தில் அனுப்பிவிட்டேன். ஆனால் அஞ்சலில் வரும் பொதிக்கான சுங்கவரியை, பொதியை ஒப்படைக்கும்போது அஞ்சல் துறைதான் வசூலிக்கும். தபால்காரர் வாசலில் நின்று ரசீதைக் காட்டிய பிறகுதான் இரண்டு முறை கட்டியது எனக்குப் புரிந்தது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு: பெட்டியின் மேல் 'அன்பளிப்பு' என்று எழுதி வரியைத் தவிர்த்துத் தருவதாகத் தொடக்கத்தில் பெருமை பேசியிருந்தார்கள். உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் தவிர, அன்பளிப்பு என்ற பெயரில் வரி கட்டாமல் அஞ்சலிலோ கூரியரிலோ எதையும் இறக்குமதி செய்வதை இந்திய அரசு 2019 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. பொதி பறிமுதல் ஆகியிருந்தால் பெயர் என்னுடையதுதான்.

படங்களுடன் எழுதிக் கேட்டதற்கு, "உங்கள் ஊர் வெயில்தான் காரணம்" என்று ஒரே ஒரு பதில் வந்தது. அத்துடன் என் எண்ணை முடக்கிவிட்டார்கள். யுபிஐ பணத்திற்காக 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்து, புகார் எண் பெற்றேன். பொருளுக்காக 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்திருக்கிறேன். பணம் இதுவரை வரவில்லை.

பயற்றுக் களியைக் கடல்பாசியால் இறுக்கிச் செய்யும் யோகானும், சர்க்கரையையும் மாவையும் அச்சில் அழுத்திய ராகுகானும் மட்டும் கெடாமல் இருந்தன. அவற்றின் மூல அச்சுத் தேதிகளே பல மாதம் தள்ளி இருந்ததால் அவற்றின் மேல் சீட்டு எதுவும் ஒட்டவில்லை. விஷுவுக்கு முந்தைய நாள் அக்காவின் கைபேசியில் அந்த விற்பனையாளரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே டைஃபுகு படத்தின் மேல் 'விஷுக் கைநீட்டச் சலுகை, பத்தே நாளில் உங்கள் வீட்டில்' என்று எழுதியிருந்தது.