குதிரைக்குப் பாசி: நாலு டப்பாவில் எது உதவும், எது வினை

குதிரைக்குப் பாசி போட்டால் மேனி மினுங்கும் என்ற பேச்சு இப்போது சேலம் பக்கமும் கேட்கிறது. ஆனால் பாசி என்ற ஒரே பேரில் விற்பது நாலு தனிச் சரக்கு: சுருள்பாசி (ஸ்பைருலினா), கெல்ப் என்னும் பழுப்புக் கடற்பாசி, கல்லாய் இறுகிய சுண்ணாம்புப் பாசி, டிஹெச்ஏ (ஒருவகை ஒமேகா-3 கொழுப்பு) எண்ணெய் எடுக்கிற நுண்பாசி. இதற்குப் பதில் அது என்று மாற்றிப் போட முடியாது.

கணக்குக்கு ஒரு குதிரையை எடுத்துக்கொள்வோம். அந்தியூர் ஆடிச் சந்தையில் பிடித்து, ஏற்காட்டில் சவாரிக்கு விடும் நாட்டுக் குதிரை. மார்புச் சுற்று 150 செ.மீ., தோள் முனையிலிருந்து பிட்டம் வரை 140 செ.மீ. சுற்றைச் சுற்றால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறைய 265 கிலோ. டப்பாவில் அச்சிட்ட அளவு பெரும்பாலும் 500 கிலோ குதிரைக்கானது. நம் குதிரைக்குப் பாதி போதும். தினத்தீனி 20 கிலோ பச்சைக் கோ-4 புல் (கம்பு நேப்பியர் ஒட்டுத் தீவனப்புல்), ஒன்றரைக் கிலோ கோதுமைத் தவிடு, அரைக் கிலோ கொள்ளு.

சுருள்பாசியில் அறுபது சதவீதத்துக்கு மேல் புரதம் என்று விளம்பரம் சொல்வது பொய்யில்லை. ஆனால் கொடுப்பது 10 கிராம்; அதில் வருவது 6 கிராம் புரதம். அரைக் கிலோ கொள்ளிலேயே 110 கிராம் இருக்கிறது. ஆகப் புரதத்துக்காக இதை வாங்குவது வீண். அரிப்பு, இருமலுக்குக் கேட்கும் என்பதற்குக் குதிரைகளில் ஆதாரம் மெலிவு. ஆசைப்பட்டுக் கொடுப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். வேகவைத்த கொள்ளில் சூட்டோடு கலக்கக் கூடாது. 60 டிகிரிக்கு மேல் போனால் அதிலுள்ள நீல நிறமி கெட்டுவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு, துளி வெல்லத்தோடு பிசைந்தால் மீன் வாடை அமுங்கும். இன்னொன்று ஈரம். ஏற்காட்டு மூடுபனியில் திறந்த பொட்டலம் சீக்கிரம் கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும். சரக்கு நல்லதா என்று பார்க்க, ஒரு சிட்டிகையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். நல்லதானால் காலையில் தண்ணீர் நீலம் பாய்ந்திருக்கும். பழுப்பாகவோ வெறும் பச்சையாகவோ நின்றால் பழைய சரக்கு.

கெல்ப் விஷயத்தில் கறாராகவே சொல்லலாம்: வேண்டாம். பிரச்சினை அயோடின். 265 கிலோ குதிரைக்கு நாளுக்கு சுமார் 2 மில்லிகிராம் போதும். கெல்ப்பில் எவ்வளவு இருக்கும் என்பது இனத்துக்கு இனம் மாறும். கிலோவுக்கு 700 மில்லிகிராமும் உண்டு, பல ஆயிரமும் உண்டு. முதல் வகையில் ஒரு கைப்பிடி, 30 கிராம் போட்டாலே 21 மில்லிகிராம், தேவையைப் போலப் பத்து மடங்கு. நாளுக்கு 40 மில்லிகிராம் அளவில் அயோடின் தின்ற சினைக் குதிரைகள் கழுத்துக் கழலையோடு, நிற்கத் தெம்பில்லாத குட்டிகளை ஈன்றிருக்கின்றன. அயோடின் குறைந்தாலும் கழலை, கூடினாலும் கழலை. அதைப் பார்த்துவிட்டுக் குறைவு என்று நினைத்து இன்னும் ஒரு கைப்பிடி போடுபவர்களும் உண்டு. தினம் 30 கிராம் அயோடின் உப்பு போட்டால் ஆபத்தில்லாமல் தேவையில் கால் பங்கு வந்துவிடும், மிச்சத்தில் ஒரு பகுதி தீனியிலேயே வரும். உரக்கடையில் பயிருக்குத் தெளிக்க விற்கும் கடற்பாசித் திரவத்தை வாயில் ஊற்றவே கூடாது. அது தீவனம் அல்ல.

சுண்ணாம்புப் பாசிக்கு மட்டும் நம்மூரில் உண்மையான வேலை இருக்கிறது. காரணம் கோ-4 புல். அதில் உலர் எடையில் 2 சதவீதமும் அதற்கு மேலும் ஆக்சலேட் என்னும் உப்பு இருக்கும். இளம் புல்லில் கூடுதல். 20 கிலோ பச்சைப் புல் காய்ந்தால் 4 கிலோ, அதில் ஆக்சலேட் 80 கிராம், கால்சியம் 16 கிராம்தான். ஆக்சலேட்டில் பாதியாவது கால்சியம் இல்லையென்றால் அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு போய்விடும். தவிட்டிலோ பாஸ்பரஸ் 16 கிராம், கால்சியம் 2 கிராம். உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். முதலில் இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று நொண்டும். லாடத்தில் கோளாறு என்று லாடக்காரரைக் கூப்பிடுவார்கள். கண்ணுக்குக் கீழே முக எலும்பு இருபுறமும் புடைத்த பிறகுதான் விஷயம் புரியும்.

80 கிராம் ஆக்சலேட்டுக்குப் பாதி 40 கிராம் கால்சியம் வேண்டும்; புல்லும் தவிடும் தருவது 18. பற்றாக்குறை 22 கிராம். சுண்ணாம்புப் பாசியென்றால் 75 கிராம், தீவனத் தரச் சுண்ணாம்புக்கல் மாவென்றால் 60 கிராம். பாசி துளைத் துளையாக இருப்பதால் வயிற்று அமிலத்தைச் சற்று வேகமாகத் தணிக்கலாம். அதற்காக அத்தனை கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. கல்மாவு பக்கத்திலேயே, நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும். வாங்கும்போது தனிக் கல்மாவு மட்டும். கோழிக்கான கலவைத் தீவனத்தில் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்து இருக்கலாம். குதிரைக்கு அது உயிர்க்கொல்லி. சேலத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு: சுண்ணாம்புக் கரடு என்று பேர் வாங்கிய மலையில் வெட்டுவது சுண்ணாம்பல்ல, மேக்னசைட் என்னும் மக்னீசியக் கல். வெள்ளையாக இருக்கிறதே என்று அந்தப் பொடியை அள்ளக் கூடாது. சந்தேகமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

முதல் வாரம் 15 கிராமில் ஆரம்பித்து வாரம் 15 கிராம் கூட்டுங்கள். தவிட்டைத் தண்ணீர் தெளித்துப் பிசிறிய பிறகே மாவைக் கலக்க வேண்டும். உலர்வாகப் போட்டால் குதிரை உதட்டாலேயே சலித்துத் தின்றுவிட்டு மாவைத் தொட்டியடியில் விட்டுவிடும். இதைவிட நல்ல வழி, புல்லில் பாதியை, அதாவது 10 கிலோவை, குதிரைமசாலாக மாற்றுவது. பேரிலேயே குதிரை இருக்கிறது. ஆக்சலேட்டும் குறையும், கால்சியமும் ஏறும், டப்பாவே வேண்டாம். மசால் கிடைக்கவில்லை என்று சூபாபுல் (சவுண்டல்) தழையை வெட்டிப் போட்டால் அதிலுள்ள மைமோசின் என்னும் நச்சால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும்.

நுண்பாசி எண்ணெய் இருமல் குதிரைக்கு மட்டும். மூச்சுக் கோளாறுள்ள குதிரைகளுக்குத் தூசி குறைந்த தீனியோடு தினம் 1.5 கிராம் டிஹெச்ஏ இரண்டு மாதம் கொடுத்த ஆய்வில் இருமல் குறைந்தது. நம் குதிரைக்கு 0.8 கிராம்; மனிதர்களுக்கு விற்கும் 200 மில்லிகிராம் மாத்திரையில் நாலைக் குத்தித் தவிட்டில் பிழியலாம். ஆளி விதை மலிவுதான், ஆனால் அதன் கொழுப்பைக் குதிரை உடம்பு மிகக் கொஞ்சமே டிஹெச்ஏவாக மாற்றும். முதலில், சோளத்தட்டு போடுவதானால் நனைத்துப் போடுங்கள், லாயத்தைக் குதிரை வெளியே நிற்கும்போது கூட்டுங்கள். பத்து நாளில் இருமல் அடங்கினால் எண்ணெய் வாங்க வேண்டியதில்லை. வாங்கினால் சின்னப் புட்டியாக வாங்கி நிழலில் வையுங்கள். பழைய பெயின்ட் வாடை வந்தால் கீழே கொட்டிவிடுங்கள்.