பழைய ஆட்டங்களுக்கான காணொளிச் சந்தா: ஒரு பின்கள வீரரைத் தேடிப் பார்த்த அனுபவம்

பழைய கால்பந்து ஆட்டங்களை முழுமையாகப் பார்க்கத் தரும் காணொளிச் சேவை ஒன்றில் சந்தா கட்டி வருகிறேன். சேவையின் பெயர் இங்கே வேண்டாம். இப்படி ஒன்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்களப் பயிற்சி கொடுப்பவன் நான். கோல் அடிப்பவனைப் பற்றிப் பாடம் எடுக்க ஆயிரம் காணொளிகள் உண்டு; தடுப்பவனைப் பற்றி எடுக்கத்தான் ஆளில்லை. அதனால் ஒரே ஒரு பின்கள வீரரின் ஆட்ட வாழ்வை வரிசையாகப் பார்த்து, அதிலிருந்து பாடம் எடுக்க நினைத்தேன். கானாவின் சாமுவேல் குஃபோரைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் அவருடைய உயரம்: 1.78 மீட்டர்தான். நடுப் பின்களத்துக்கு அது குறைவு என்பார்கள். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அணிப் பின்களத்தில் அவர் ஆண்டுக்கணக்காக நின்றார். "நான் உயரமில்லையே சார்" என்று புலம்பும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

தேடல் பெட்டியில் அவர் பெயரைத் தட்டினால் முதலில் வருபவை மூன்று துண்டுகள். 1999 மே 26, பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானம்: ஐரோப்பிய அணிகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆட்டம் கடைசி நொடிகளில் கைநழுவிப்போக, குஃபோர் தரையைக் கைகளால் அடித்து அழுகிறார். 2001 நவம்பர் 27, டோக்கியோ: அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸுக்கு எதிரான கண்டங்களுக்கிடையிலான கோப்பை ஆட்டத்தில் (ஐரோப்பிய, தென்னமெரிக்கச் சாம்பியன் அணிகள் மோதுவது), கூடுதல் நேரத்தில் அவர் அடித்த வெற்றி கோல். 2006 ஜூன் 12, ஹனோவர்: உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராகத் தன் கோல்கீப்பருக்கு அவர் தட்டிய பந்து வலுவில்லாமல் போக, இயாக்வின்டா அதைப் பறித்துக் கோலாக்குகிறார். மூன்றையும் பார்த்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. இவ்வளவுதான் குஃபோர் என்று இந்தச் சேவை நம்புகிறது.

அதன் குறியிடும் முறையைக் கவனித்தால் காரணம் புரிந்துவிடும். காலக்கோட்டில் கோல், சிவப்பு அட்டை, பெனால்டி, மாற்று வீரர் ஆகியவற்றுக்கு மட்டுமே புள்ளி வைத்திருக்கிறார்கள். பந்தைப் பறித்ததற்குப் புள்ளி இல்லை. எதிரணி முன்கள வீரர் ஓடத் தொடங்கும் முன்பே வழியை அடைத்து நின்றதற்குப் புள்ளி இல்லவே இல்லை. பின்கள வீரர் ஒழுங்காக வேலை செய்யச் செய்ய இந்தப் பட்டியலிலிருந்து மறைந்துகொண்டே போவார். சறுக்கினால்தான் பெயர் ஏறும். தலையங்கத்தில் பிழை விட்டால் மட்டுமே பேசப்படும் மெய்ப்புத் திருத்துநரின் கதைதான்.

ஆகவே துண்டுகளை மறந்துவிட்டு முழு ஆட்டங்களுக்குள் போங்கள். சேவையின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது. 1999 இறுதி ஆட்டம் முழுமையாக, ஜெர்மன் வர்ணனையோடு கிடைக்கிறது. வர்ணனையை அணைத்துவிட்டு மைதானச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. இதற்காகவே அவர்களைப் பாராட்டலாம். ஆறாவது நிமிடத்தில் பேயர்னின் பாஸ்லர் அடித்த ஃபிரீ கிக் உள்ளே போகிறது. அதன் பிறகு பேயர்னின் வேலை காவல் காப்பது. பின்னால் தனியாளாக லோத்தார் மத்தேயஸ். அவருக்கு முன்னால் லிங்கேயும் குஃபோரும். எதிரே முன்கள வீரர்கள் ஆன்டி கோல் (Cole), டுவைட் யார்க் என்று அந்தப் பருவத்தில் ஐரோப்பாவையே அலைக்கழித்த இணை. தொண்ணூறு நிமிடம் வரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஒரு கோல்கூட இல்லை. பிள்ளைகளுக்கு நான் போட்டுக்காட்டுவது அந்தத் தொண்ணூறு நிமிடங்களைத்தான். யுனைடெட்டின் மாற்று வீரர்களாக 67-வது நிமிடத்தில் ஷெரிங்ஹாம் வருகிறார், 81-ல் சோல்ஷயர் வருகிறார். இடையில் மத்தேயஸ் களைத்து வெளியேறுகிறார். காவல் அமைப்பின் அச்சாணி போன பிறகு மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். கூடுதல் நிமிடங்களில் இரண்டு கார்னர், இரண்டு கோல். பிறகு அந்த அழுகை. முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு அந்த இடத்துக்கு வந்தால், அது வேறு அழுகையாகத் தெரிகிறது. நடுவர் கொலினா அவரைத் தூக்கிவிட முயல்வதும் அப்போதுதான் மனத்தில் பதிகிறது.

2001 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டமும் இருக்கிறது. மிலன் நகரின் சான் சிரோவில் ஸ்பெயினின் வலென்சியாவுடன் 1-1. இரண்டு கோல்களும் பெனால்டியில் வந்தவை. அதற்குப் பிறகான பெனால்டி மோதலில் பேயர்ன் கோல்கீப்பர் ஆலிவர் கான் மூன்றைத் தடுத்தார். எல்லாப் புகழும் கானுக்கே போயிற்று, போகட்டும். கூடுதல் நேரத்தையும் சேர்த்து 120 நிமிடம் ஓடிய ஆட்டத்தில் வலென்சியாவுக்கு அந்த ஒரு பெனால்டியைத் தவிர வேறு கோல் கிடைக்கவில்லை என்பதை நான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். குஃபோர், ஆண்டர்சன், லிங்கே என்ற மூவர் வரிசையைப் பாடமாக வைக்க இதைவிடச் சிறந்த ஆட்டம் இல்லை. டோக்கியோ ஆட்டத்தைச் சொல்ல வேண்டுமானால், போகா அணி முதல் பாதி முடிவதற்குள் டெல்காடோவைச் சிவப்பு அட்டையில் இழந்து பத்துப் பேரோடு ஆடுகிறது. கோல் 109-வது நிமிடத்தில்தான் வருகிறது. அன்று சிறந்த ஆட்டக்காரர் விருது குஃபோருக்கு.

இனிப் படத்தின் தரம். இங்கேதான் எனக்குக் கோபம். அந்தக் காலத்து ஒளிபரப்பு 4:3 அளவில் எடுக்கப்பட்டது. இவர்கள் இன்றைய அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஒளிப்படக் கருவி பந்தின் பின்னாலேயே போவதால், பந்தில்லாத பின்கள வீரர் பாதி நேரம் திரைச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். வெட்டியதில் கருவிக்கு அருகிலுள்ள பக்கத்து எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பவர்களின் கால்களும் போயின. தடுப்பாட்டத்தில் காலின் இடம் தெரியாமல் என்ன பார்ப்பது? கருப்புப் பட்டை இரு பக்கமும் இருந்தால் யாருக்கு என்ன நட்டம்? வாடிக்கையாளர் உதவிக்கு எழுதினேன். "திரை அமைப்பைச் சரிபார்க்கவும்" என்று பதில் வந்தது. வெட்டுப்பட்டது மூலக் கோப்பில்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. விளம்பரத்தில் உலகக் கால்பந்து வரலாறு என்கிறார்கள். குஃபோரின் வரலாற்றில் அவர்களிடம் இருப்பது ஐரோப்பிய இறுதி ஆட்டங்களும் டோக்கியோ ஆட்டமும் மட்டுமே. கானா 1991-ல் இத்தாலியில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்றது, இல்லை. 1992 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது, அதுவும் இல்லை. ஒலிம்பிக் கால்பந்தில் பதக்கம் பெற்ற முதல் ஆப்பிரிக்க நாடு கானா. அந்த அணியில் குஃபோருக்கு வயது 15. ஆஸ்திரேலியாவை வீழ்த்திப் பதக்கம் வாங்கிய மைதானம் அதே கேம்ப் நூ. ஆப்பிரிக்கக் கோப்பை என்ற பிரிவைத் திறந்தால் சில கோல் தொகுப்புகள் மட்டும் கிடக்கின்றன. குமாசியில் பிறந்து, டொரினோவின் இளையோர் அணி வழியாக மியூனிக் போன ஒருவரின் தொடக்கம் முழுவதும் வெற்றுத் திரை. ரோமா, லிவோர்னோ, அயாக்ஸ் என்று அலைந்த கடைசி ஆண்டுகளுக்கும் ஏறத்தாழ அதே நிலை. ஆனால் ஹனோவர் தவறு மட்டும் தெள்ளத்தெளிவான படத்தில், மூன்று கோணங்களில்! அதற்கு முந்தைய 82 நிமிடங்கள் அவர்களிடம் இல்லை.

மற்றவை சுருக்கமாக. பத்து நொடி பின்னோக்கிப் போகும் பொத்தான் நன்றாக வேலை செய்கிறது. படத்தை ஒவ்வொரு சட்டமாக (frame) நகர்த்தும் வசதி கணினியில் மட்டுமே உண்டு, கைபேசியில் இல்லை. தரவிறக்கம் செய்தால் முப்பது நாளில் அழிந்துவிடும். குறிப்பெழுதும் பெட்டி ஒன்று தந்திருக்கிறார்கள், அதில் நானே நிமிடம் போட்டு "சா.கு. இடதுபக்கம் மூடினார்" என்ற மாதிரி எழுதி வைத்துக்கொள்கிறேன். அந்தக் குறிப்புகளைப் பிறருக்கு அனுப்ப முடியாது என்பது வருத்தம்.

கோல்களை மட்டும் பார்க்க விரும்புகிறவர்கள் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அவை இலவசமாகவே கிடைக்கின்றன. பயிற்சியாளர்களும் பின்கள ஆட்டத்தை ரசிப்பவர்களும் கட்டலாம், ஆனால் ஆண்டுச் சந்தா வேண்டாம். ஒரு மாதத்துக்குக் கட்டி, வேண்டிய ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். நிறுத்தும் பொத்தான் கணக்கு அமைப்புகளில் "திட்டம்" என்ற தலைப்பின் அடியில் இருக்கிறது.