வண்டி ஆறினால்தான் கை வைப்பார்: ஒரு பட்டறை அனுபவம்

கோவையில் திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருக்கிற பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது, தகரக் கூரை, ஒரு அண்ணன், ஒரு பையன், அவ்வளவுதான். என் வண்டி ஒற்றை சிலிண்டர் அட்வென்ச்சர் பைக், பிஎஸ்6, 31,000 கிலோமீட்டர் ஓடியது. கம்பெனி பெயர் வேண்டாம், இந்தக் கோளாறுகள் எந்த ஒற்றை சிலிண்டர் வண்டிக்கும் வரக்கூடியவைதான்.

பிரச்சினை இரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் சூடானதும் சிக்னலில் ஆஃப் ஆகிவிடும். அப்புறம் கியர்: நின்றால் நியூட்ரல் விழாது, ஓடும்போது நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் ஃபால்ஸ் நியூட்ரல் விழுந்து, அதாவது எந்தக் கியரிலும் மாட்டாமல், இன்ஜின் சும்மா கத்தும். வால்பாறை போனபோது, ஆழியாறு ஏறி 40 கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதில் லோம்ஸ் வியூவில் நின்று படம் எடுத்துவிட்டுக் கிளம்பினேன், அடுத்தடுத்த வளைவுகளில் ரேஸை விட்டு கிளட்ச் பிடித்தாலே வண்டி செத்துப்போனது. பின்னால் பஸ், முன்னால் ஏற்றம், 190 கிலோ வண்டியைக் காலால் தாங்கிக்கொண்டு நின்ற அந்த அரை நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

சர்வீஸ் சென்டர் ஒன்றில் மூன்று முறை விட்டேன். பிளக் மாற்றினார்கள், த்ராட்டில் பாடியைக் கழுவினார்கள், கடைசியில் எத்தனால் பெட்ரோல் மேல் பழியைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் தொல்லை வரலாம், சரி. நான் வாரம் ஒரு தடவை டேங்க்கை காலி செய்கிறவன்.

பட்டறை அண்ணன் சாவியைக்கூட வாங்காமல் கேட்ட முதல் கேள்வி: "நியூட்ரல்ல நிக்கறப்ப ஆஃப் ஆகுதுங்களா, கியர்ல கிளட்ச் புடிச்சிருக்கறப்ப ஆகுதுங்களா?"

எனக்கே தெரியவில்லை. மூன்று ஜாப் கார்டிலும் "ஆஃப் ஆகிறது" என்று மட்டும்தான் இருந்தது. இந்தக் கேள்விக்கே அவருக்கு முழு மார்க் கொடுக்கலாம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார், வந்து சொன்னேன்: இரண்டிலும் ஆகிறது, ஆனால் கியரில் இருக்கும்போது அதிகம்.

முதலில் சுலபமானதைக் கழித்தார். கியரில் போட்டு கிளட்ச் பிடித்தபடி சைட் ஸ்டாண்டைக் காலால் ஆட்டினார். அங்கே இருக்கிற சுவிட்சில் சேறு புகுந்தால் கியர் போட்டதும் இன்ஜின் கட் ஆகுமாம். ஆகவில்லை. டேங்க் மூடியைத் திறந்து 'புஸ்' என்று காற்று இழுக்கிறதா பார்த்தார், டேங்க்குக்குள் காற்று போகிற பிரீதர் துளையில் அடைப்பும் இல்லை.

பிறகு சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு முதல் கியர் போட்டு கிளட்ச்சை முழுக்கப் பிடித்தார். பின் சக்கரம் விறுவிறுவென்று சுற்றியது. ஆயில் குளிர்ந்திருந்தால் கொஞ்சம் சுற்றுவது சகஜம், லேசாகப் பிரேக் வைத்தால் சக்கரம் மட்டும் நிற்க வேண்டும். அவர் பிரேக்கைத் தொட்டதும் இன்ஜினே பொத்தென்று நின்றது. கிளட்ச் முழுசாக விடவில்லை. கியரில் நிற்கும்போது ஆஃப் ஆவதும், நியூட்ரல் விழாததும் ஒரே நோய். நான் இரண்டு வியாதிக்கு வைத்தியம் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

குற்றவாளி நான்தான். நின்றுகொண்டு ஓட்ட வசதியாக ஹேண்டில்பாரை உயர்த்துகிற ரைசர் போட்டிருந்தேன். கிளட்ச் கேபிள் நீளம் பத்தாமல் ஹெட்லைட் பின்னால் முழங்கை மாதிரி மடங்கி, வெளி உறை நசுங்கியிருந்தது. உருவி எடுத்தால் உள் கம்பி தேய்ந்த விளக்குமாறு போல நாலைந்து இழை பிரிந்து கிடந்தது. லீவரை இழுக்கிற இழுப்பில் பாதி அந்த மடிப்பிலேயே போய்விட, கிளட்ச்சுக்கு மிச்சம்தான் கிடைத்திருக்கிறது. புது கேபிளை வேறு வழியாகச் சுற்றி விட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, லீவரின் பிளே (இழுவை பிடிக்குமுன் இருக்கிற தளர்வு) மாறவில்லை என்று காட்டினார்.

நியூட்ரலில் ஆஃப் ஆவது மிச்சம். டேப்பட் (வால்வுக்கும் அதை அமுக்குகிற பாகத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி) பார்க்கணும், ஆனால் வண்டி ஆறணும், நாளைக்கு வாங்க என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது. காலை ஏழரைக்குப் போனேன், சிலிண்டர் ஹெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூடியைக் கழற்றினார். எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகடு நுழையவே இல்லை. சூட்டில் வால்வு நீளும், இடைவெளி இல்லையென்றால் முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். ரேஸ் இருக்கிறவரை சமாளித்துவிட்டு ஐடிலிங்கில் இன்ஜின் நின்றுவிடும். "டேப்பட் சத்தம் போட்டாக்கூடப் பரவால்லீங்க, சத்தமே இல்லாம இருந்தாத்தான் பயம்" என்றார். என் இன்ஜின் எவ்வளவு அமைதி என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தவன் நான்.

ஃபால்ஸ் நியூட்ரலுக்கு கியர்பாக்ஸைப் பிரிப்பார் என்று பயந்தேன். வழக்கமாக ஓட்டும்போது போடுகிற பூட்ஸைக் கொண்டுவரச் சொன்னார். எப்போதோ மண் ரோட்டில் விழுந்ததில் கியர் லீவர் உள்ளே வளைந்திருந்தது, தடிமனான பூட்ஸ் நுனி அதன் அடியில் சரியாக நுழையவில்லை, அதனால் நான் பாதிதான் தூக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்த்தி, லிங்க் ராடில் உயரத்தை ஏற்றி, என்னை உட்கார வைத்துப் பத்து தடவை கியர் போட வைத்தார்.

மொத்தம் 1,850 ரூபாய், கேபிள், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து.

குறைகளும் உண்டு. போன் எடுக்க மாட்டார். ஒரு நாள் வேலை என்று சொன்னது மூன்று நாள் இழுத்தது. பில் தாள் கேட்டால் சிரிக்கிறார். சீட்டில் கிரீஸ் கை பதிந்திருந்தது, இன்னும் போகவில்லை. முக்கியமாக ஸ்கேனர் கிடையாது; மீட்டரில் இன்ஜின் லைட் எரிந்துகொண்டிருந்தால், சென்சார் விவகாரம் என்றால், இங்கே போய் நேரத்தை வீணாக்காதீர்கள். வாரண்டி இருக்கிற வண்டியையும் கொண்டுபோக வேண்டாம்.

போன ஞாயிறு மறுபடி வால்பாறை. 40 வளைவிலும் ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை. அட்டகட்டியில் டீ சொல்லிவிட்டு, வேண்டுமென்றே நியூட்ரலில் ஓடவிட்டு உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், டேப்பட் லேசாக டிக் டிக் என்றது. டம்ளர் காலியாகும்போது கடைக்காரர்தான் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏனுங்க, பெட்ரோல் சும்மா தர்றாங்களா?"