கோடையில் கூடாரம்: வடகடலா, தென்கடலா?

ராமநாதபுரம் கடற்கரையில் கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று கிளம்பினால், ஊரை முடிவு செய்வதற்கு முன்னால் கடலை முடிவு செய்துகொள்ள வேண்டும். மண்டபம் என்ற ஊரை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும் நிலத்துக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்களுக்கு அது வடகடல், இது தென்கடல். அலையில்லாத வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். (பெண் என்றால் அடக்கம் என்று யார் சொன்னது என்று கேட்டால் என் வீட்டுக்காரர் சிரிப்பதோடு சரி.) நாங்கள் இரண்டு கரையிலும் படுத்துப் பார்த்துவிட்டோம். சித்திரை, வைகாசி என்றால் இப்போது பேச்சே இல்லை, வடகடல்தான். ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். தென்கடல் பக்கம் நாங்கள் தங்கியது குறைவு என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியவை. எல்லோரும் கேட்பது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர், 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை, இரண்டு பக்கமும் கடல். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரவு தங்க வழியில்லை. தென்கடலில் தெரியும் தீவுகளும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. படகுக்காரர் யாராவது "கொண்டுபோய் விடுறேன்" என்றாலும் இறங்கக் கூடாது.

மீதி இருப்பது கரை. வடகடலில் நாங்கள் போவது உச்சிப்புளியை ஒட்டிய அரியமான், பிரப்பன்வலசை பக்கம். தென்கடலில் பார்த்தது சேதுக்கரையும் வாலிநோக்கமும். அழகு என்று கேட்டால் வாலிநோக்கத்துக்குத்தான் என் ஓட்டு. அலை உண்டு, அகலமான மணல் உண்டு, கூட்டம் கிடையாது. இரவில் வானம் நிறைய நட்சத்திரம். வடகடல் அதற்கு முன்னால் ஏரி மாதிரி கிடக்கும். முழங்கால் தண்ணீரிலேயே வெகுதூரம் நடக்க வேண்டும். ஒதுங்கும் கடல்தாழை (கடலடியில் வளரும் புல்) வெயிலில் காய்ந்து ஒரு வாடை வேறு அடிக்கும். புகைப்படத்துக்காகப் போகிறவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை, தென்கடலுக்கே போகலாம்.

ஆனால் கூடாரத்தில் படுக்கிறவர்களுக்கு அழகு அரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் காற்று.

கோடையில் இங்கே அடிப்பது தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் காற்று. மீனவர்கள் தெற்குக் காற்றைச் சோளகம் என்பார்கள், தென்மேற்கில் திரும்பினால் கச்சான். காலையில் சாதுவாக இருக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். பிற்பகலில் பலம் பிடித்தால் இரவு வெகுநேரம் வரை விடாது. இந்தத் தெற்குக் காற்றை நம்பித்தான் கோடையில் ராமேஸ்வரம் பக்கம் கைட்சர்ஃபிங் பழக ஆட்கள் வருகிறார்கள். பலகையில் நிற்கும் ஆளைத் தண்ணீர்மேல் இழுத்துக்கொண்டு ஓடுகிற காற்று, ஒரு கூடாரத்தை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

தென்கடல் கரையில் இந்தக் காற்று கடல்மேல் தடையில்லாமல் வந்து நேராக நம்மேல் மோதுகிறது. உதிரி மணலில், கூடாரத்தோடு வரும் மெல்லிய இரும்பு முளைகள் நிற்பதில்லை, கையால் இழுத்தாலே வந்துவிடும். காலி அரிசிச் சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால்தான் நிற்கும். நாங்கள் அப்படித்தான் செய்தோம், கூடாரம் பறக்கவில்லை. பறக்காததால் வளைந்தது. காற்று பக்கவாட்டில் அழுத்தும்போது துணி உள்ளே வந்து முகத்தில் தட்டும், உடனே கம்பி அதைத் தள்ளிக்கொண்டு போகும், மறுபடி தட்டும். விடியும்போது ஃபைபர் கம்பி ஒன்று இணைப்புப் பக்கத்தில் நார் நாராகப் பிரிந்திருந்தது.

மணல் அதைவிட மோசம். தரையை ஒட்டி ஓடும் பருமணலைக் கூடாரத்தின் கீழ்த் துணி தடுத்துவிடும். மேலே வருவது மாவு போன்ற நுண்மணல். கொசுவலை வைத்த ஜன்னல் வழியாக இறங்கும், வெளிச்சம் அடித்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். தலையணையில் ஒரு படலம், தண்ணீர் பாட்டிலின் மூடி மரையில் கொஞ்சம், ஜிப்பின் பல்லுக்குப் பல் கொஞ்சம். உப்பு ஈரத்தோடு சேர்ந்த மணல் ஜிப்பில் ஏறிவிட்டால் அந்தக் கூடாரத்துக்கு ஆயுள் குறைகிறது என்று அர்த்தம். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஓரளவு மீளும். அலசுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டுமே! குடிக்கும் தண்ணீரைத் தள்ளுவண்டியில் குடம் குடமாக வாங்கும் ஊர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. அங்கே போய்க் கூடாரம் கழுவத் தண்ணீர் கேட்க எனக்கு வாய் வராது.

அடுப்பும் பிரச்சினைதான். சின்ன கேஸ் அடுப்பில் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும், அரிசி வேகுவதற்குள் சிலிண்டர் பாதி காலி. வாலிநோக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "தம்பி, வாசல வடக்க பாத்துப் போடுங்க. தெக்க பாத்தா மண்ணத்தான் திம்பீக."

வடகடல் கரைக்கு வரும்போது அதே காற்று வேறு ஆளாகிவிடுகிறது. தெற்கிலிருந்து சில கிலோமீட்டர் நிலத்தைக் கடந்து, பனை, தென்னை, சவுக்கு எல்லாவற்றிலும் பட்டு உடைந்துதான் இங்கே வந்து சேரும். கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் தண்ணீரில் அலை எழ வழியில்லை, மணலும் நம்மேல் வராது. இங்கே தோப்புக் காவலுக்கு இருந்தவர் எனக்குச் சொன்னது நேர் எதிர்: "தெக்க பாத்து வையி தாயி, இல்லாட்டி அவிஞ்சு போவீக." தெற்கு வாசலையும் வடக்கு ஜன்னலையும் திறந்து வைத்தால் கூடாரத்துக்குள் காற்று ஊடுருவிப் போகும். முளைகளும் தோப்பு மண்ணில் பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கடல் சாதுவாக இருக்கிறதே என்று காற்றடைத்த மெத்தை, டியூப் எதையாவது போட்டு மிதக்காதீர்கள். காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. அலை இல்லாததால் நகர்வதே தெரியாது, நிமிர்ந்து பார்த்தால் கரை தள்ளிப் போயிருக்கும். தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடக்க வேண்டும், மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். சொறி (ஜெல்லி மீன்) மிதக்கும் நாட்களில் இறங்காமல் இருப்பதே நல்லது. இவற்றைத் தவிர, நீச்சல் தெரியாத என்னைப் போன்றவர்கள் இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வடகடலை விட்டால் வேறு இடம் கிடையாது. தென்கடலில் அந்த மாதத்தில் நான் கால் நனைத்ததோடு சரி.

வடகடலின் குறையையும் சொல்லிவிட வேண்டும். காற்று நின்ற இரவில் புழுக்கம் தாங்காது. கொசு வரும். தென்கடல் கரையில் கொசுவாவது ஒன்றாவது, அடிக்கிற காற்றில் அது எங்கே உட்காரும்? தூக்கத்துக்கு மட்டும் பார்த்தால், வெட்டவெளியில் பாயை விரித்துப் படுக்கிறவர்களுக்குத் தென்கடல் சுகம். எங்களுக்குக் கூடாரம் இல்லாமல் முடியாது என்பதால்தான் கணக்கு மாறுகிறது. ஏன் முடியாது என்பது பெண்களுக்குத் தெரியும்: உடை மாற்ற நான்கு பக்கமும் மறைவு வேண்டும்.

கழிப்பறையும் அப்படித்தான். அரியமானில் விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், கடைகள் இருக்கின்றன, பகலில் சமாளிக்கலாம். இரவுக்குத் தோப்போ வீடோ வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு, அவர்கள் இடத்திலேயே கூடாரம் போடுவதுதான் சரி. கழிப்பறை, ஒரு குடம் தண்ணீர், சத்தம் போட்டால் எட்டிப்பார்க்க ஒரு ஆள், மூன்றும் கிடைக்கும். பொதுக் கடற்கரையில் இரண்டு பேர் தனியாக விளக்கு வைத்துக்கொண்டு படுத்தால் விசாரிக்க ஆள் வரும், வரத்தான் செய்யும். எதிரே இலங்கை. ராத்திரி ரோந்து இங்கே வழக்கம். உள்ளூர்க் காவல் நிலையத்தில் பெயர் சொல்லிவிட்டு, ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது. ட்ரோன் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இருக்கிறது.

கூடாரத்தைத் தென்னைக்கு நேர் கீழே போடக் கூடாது. மட்டையும் விழும், காயும் விழும். சவுக்கு நிழல் நல்லது. எந்தக் கரையாக இருந்தாலும் காலை ஏழு மணிக்கு மேல் கூடாரத்துக்குள் இருக்க முடியாது, கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம்.

சாப்பாட்டில் இரண்டு கரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகு போகும். அதனால் மீன் உண்டு, விலைதான் கூட. வடகடலில் நண்டு நன்றாகக் கிடைக்கும். காலையில் வல்லம் கரைக்கு வரும்போதே போய் நின்றால் வலையிலிருந்து கழற்றிக் கொடுப்பார்கள். நுங்கு இரண்டு பக்கமும் கிடைக்கும்.

கூடாரம் வாங்க வேண்டுமா, கட்டில் போட்ட வாடகைக் கூடாரத்தில் தங்கினால் போதாதா என்றால், முதல் தடவை போகிறவர்களுக்குப் போதும். அறை எடுத்த மாதிரிதான் இருக்கும், தவறில்லை. அங்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஏசி இருக்கிறதா என்று அல்ல, கூடாரம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, தெற்கே மரம் இருக்கிறதா என்று.

இதெல்லாம் கோடைக்கு மட்டும். மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது சாதுவான வடகடல் கலங்கிப் போகும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். அப்போது சேதுக்கரையில் ஒரு பகல் முழுக்க இருந்திருக்கிறோம். தண்ணீர் அசையவே இல்லை. கூடாரத்தோடு அந்தப் பருவத்தில் போனதில்லை. தை மாதத்தில் போகிறவர்கள், வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று அங்கே வலை உலர்த்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.