யோசெமிட்டி கேம்ப் 4: சொகுசு கிடையாது, ஆனாலும் போகலாம்

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கிப் பாறை ஏற வேண்டுமென்றால் நான் கேம்ப் 4-ஐத்தான் சொல்வேன். ஒரு இடத்துக்கு 6 பேர் வரை, முன்பின் தெரியாதவர்களோடும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். குளிக்க, பூங்காவிலேயே இருக்கும் கர்ரி வில்லேஜ் என்ற தங்கும் விடுதிப் பகுதி வரை போகணும், காருக்குள் தூங்க அனுமதி இல்லை. சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சோப்பு என்று வாசனை உள்ள எல்லாவற்றையும் அங்கிருக்கும் இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும், இல்லாவிட்டால் கரடி மோப்பம் பிடித்து வந்துவிடும்.

அப்புறம் எதற்குப் போவது என்கிறீர்களா? முகாமுக்குள்ளேயே கொலம்பியா பாறை, அதில் சாக்பீஸ் பொடியால் வரைந்த மின்னல் கோடு, கீழே மெத்தையை விரித்துப்போட்டுக் கயிறில்லாமல் ஏறி விழுவதும் எழுவதுமாக ஒரு கூட்டம். வேடிக்கை பார்த்தாலே பொழுது போய்விடும். 2003-ல் அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் ஏறிய முகாம் இது. எல் கேப்பிட்டன் என்ற பிரம்மாண்டமான செங்குத்துப் பாறையின் சுவரிலேயே இரவு தங்கி ஏறுவதாக இருந்தால் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், சரி, அதற்குக் கட்டணம் இல்லை. கோடையில் முன்பதிவு இல்லாமல் மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.