1959 ஜாஸா, 1986 மெட்டலா?

இரண்டு ஆல்பங்கள்: டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் ‘கைண்ட் ஆஃப் புளூ’, மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’. ஒன்று அமைதி, மற்றது இரைச்சல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது வேறு: எந்த ஸ்வரம் எங்கே வரவேண்டும் என்பதை இவர்கள் எப்போது முடிவு செய்தார்கள்?

ஜாஸ் ஆல்பம் 1959 மார்ச்சிலும் ஏப்ரலிலும் நியூயார்க்கில் இரண்டே அமர்வுகளில் பதிவானது. வாசித்தவர்களுக்குக் கிடைத்தது மெட்டுகளின் வெறும் கோட்டுருவம்தான் என்று பியானோ வாசித்த பில் எவன்ஸே ஆல்பத்தின் உறைக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதிலுள்ள ‘சோ வாட்’ கேளுங்கள். 16 பார்கள் (தாள அளவுகள்) ஒரே டோரியன் ஸ்வர வரிசை, அடுத்த 8 அரை ஸ்வரம் மேலே, மறுபடி 8 பழைய இடம். அவ்வளவுதான் வரைபடம். டோரியன் என்றால் கரகரப்ரியாவின் அதே ஏழு ஸ்வரங்கள் (கமகத்தைத் தேடாதீர்கள், கிடைக்காது). அந்தச் சின்ன இடத்துக்குள் டேவிஸ் பாதி நேரம் சும்மா இருந்தே வாசிக்கிறார். சாக்ஸபோன் வாசிக்கும் கோல்ட்ரேன் கிடைத்த இடத்தையெல்லாம் நிரப்புகிறார். இன்னொருவரான அடர்லியின் சாக்ஸபோனில் புளூஸின் குறும்பு. டேவிஸின் தனி வாசிப்பு தொடங்கும்போது டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் தட்டும் சிம்பல் கொஞ்சம் ஓங்கியே விழுகிறது. அதைத் திருத்தவில்லை, அப்படியே விட்டார்கள். எனக்கு ஆல்பத்திலேயே பிடித்த நொடி அதுதான்.

மெட்டாலிகா நேர் எதிர். பெரும்பாலான பாடல்களை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு கோபன்ஹேகன் போனார்கள். 1985 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை அங்கே பதிவு. கிடார் வாசித்துப் பாடும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அந்த வேகத்திலும், தந்தியை மீட்டும் பிக்கை மேலிருந்து கீழாகவே இழுப்பார், அதே பகுதியைத் திரும்ப வாசித்து அடுக்குவார். அதனால்தான் அந்தச் சுவர் போன்ற சத்தம். எட்டரை நிமிடத் தலைப்புப் பாடல் நடுவில் திடீரென்று தணிந்து, இரண்டு கிடார்களும் மெதுவாகச் சேர்ந்து பாடி, அப்புறம் திரும்ப முறுக்கேறுவது அச்சுப் பிசகாத கட்டுமானம். எல்லாம் இப்படி இல்லை. ‘தி திங் தட் ஷுட் நாட் பி’ பாடல் எனக்கு இன்றும் இழுவைதான்.

வரிகள் வேண்டுமென்றால் பேச்சே இல்லை, மெட்டாலிகாதான். போதை ஆளை ஆட்டுவிப்பது, போருக்கு அனுப்பப்படும் இளைஞன் என்று கனமான விஷயங்கள். ‘கைண்ட் ஆஃப் புளூ’வில் பாட்டுக் குரலே கிடையாது.

இரண்டும் கிட்டே வருகிற ஓர் இடம் உண்டு: தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ். ‘சோ வாட்’டில் மெட்டைச் சொல்வது பால் சேம்பர்ஸின் பேஸ், மற்றவர்கள் பதில் மட்டும் தருகிறார்கள். மெட்டாலிகாவின் ‘ஒராயன்’ பாடலிலும் வரிகள் இல்லை. கிளிஃப் பர்ட்டனின் பேஸ் அதில் துணைக்கு நிற்கவில்லை, முன்னால் வந்து பேசுகிறது. ஆல்பம் வந்த அதே 1986இல் சுவீடனில் பஸ் விபத்தில் அவர் இறந்துபோனார்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் ஜாஸைத்தான் எடுப்பேன். மெட்டாலிகா ஆல்பத்தில் அடுத்து வருவது எனக்கு மனப்பாடம். சுகம் அந்த எதிர்பார்ப்பில். டேவிஸிடம் மனப்பாடமான பிறகும், இந்த ஸ்வரத்துக்குப் பதிலாக வேறொன்றை வாசித்திருக்கலாமே என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அவர் ஆல்பத்திலுள்ள ‘ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்’ஸின் இன்னொரு டேக் (அதையே வேறொரு முறை வாசித்த பதிவு) பின்னாளில் வெளியானது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.