தி கிஃப்டெட்: சக்தி எங்கிருந்து வருகிறது என்பதை ஒழுங்காகச் சொன்ன தொடர்

சூப்பர்ஹீரோ தொடர் எதுவாக இருந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இந்த ஆளுக்குள் இத்தனை நாள் தூங்கிக் கிடந்த சக்தி ஏன் இன்றைக்கு விழித்தது, அது யார் வழியாக இவருக்கு வந்தது. இதற்கு உருப்படியான பதில் இல்லாவிட்டால், எவ்வளவு செலவு செய்து எடுத்த தொடராக இருந்தாலும் நாலைந்து எபிசோடுக்குள் எனக்கு ஆர்வம் போய்விடும். அந்த வகையில் நான் தயங்காமல் பரிந்துரைப்பது ‘தி கிஃப்டெட்’. எக்ஸ்-மென் உலகத்தில் நடக்கும் கதை, மேட் நிக்ஸ் உருவாக்கியது, 2017 முதல் 2019 வரை ஃபாக்ஸ் சேனலில் இரண்டு சீசன், மொத்தம் 29 எபிசோட். திருப்பங்களைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேசவே முடியாது, அதனால் ஒன்றும் தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதல் எபிசோடிலேயே வேலை ஆரம்பித்துவிடுகிறது. ஆண்டி ஸ்ட்ரக்கர் பள்ளியில் மற்ற பையன்களிடம் மாட்டிக்கொண்டு திண்டாடுகிறவன். நடன விழா நடக்கிற இரவில் சில பேர் அவனைக் குளியலறைக்கு இழுத்துப்போய், ஷவரைத் திறந்துவிட்டு, வெந்நீருக்குக் கீழே பிடித்துவைக்கிறார்கள். அவன் கத்துகிறான். சுவரில் விரிசல் ஓடுகிறது, அப்புறம் கட்டடமே ஆட்டம் காண்கிறது, பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் தலையில் எல்லாம் இடிந்து விழப் போகிறது. அந்த நேரத்தில் அவனுடைய அக்கா லாரன் கையை உயர்த்தி, விழுகிற இடிபாடுகளைக் காற்றிலேயே தடுத்து நிறுத்துகிறாள். அவளுக்கும் சக்தி இருக்கிறது, அதை வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறாள். தம்பியின் சக்தி வெடித்து வெளியே வந்ததால் அக்காவின் ரகசியமும் உடைகிறது, ஒரே காட்சியில் இரண்டு பேரும் அம்பலமாகிவிடுகிறார்கள். இவர்களுடைய அப்பா ரீட், மியூட்டன்ட்களை, அதாவது இப்படிப் பிறவியிலேயே சக்தி உள்ளவர்களை, சிறைக்கு அனுப்பும் அரசு வழக்கறிஞர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அதற்கு மேல் கதை தானாக ஓடுகிறது.

இங்கே எனக்குப் பிடித்தது, விபத்து எதுவும் தேவைப்படவில்லை என்பது. மின்னல் அடிக்கவில்லை, ரசாயனத் தொட்டிக்குள் யாரும் விழவில்லை. எக்ஸ் மரபணு பிறந்ததிலிருந்தே உடம்பில் இருக்கிறது, பதின்ம வயதில் பொறுக்க முடியாத ஒரு கணம் வரும்போது வெளியே வருகிறது. சக்தியின் வடிவத்தையும் நன்றாக யோசித்திருக்கிறார்கள். லாரன் மூலக்கூறுகளை நெருக்கிச் சேர்த்துக் கவசம் போல ஆக்குகிறாள், ஆண்டி அவற்றைப் பிய்த்துப் போடுகிறான். ஒருவர் சேர்க்கிறார், ஒருவர் பிரிக்கிறார். இரண்டு பேரும் கைகோத்தால் எதிரில் இருப்பது எதுவும் மிஞ்சாது. எதற்காக இப்படி அக்கா தம்பிக்குப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று நாம் யோசிக்க ஆரம்பிக்கும்போதுதான் தாத்தா வருகிறார்.

ரீட்டின் அப்பா ஆட்டோ வருகிற எபிசோடுதான் முழுத் தொடரின் உயிர். ட்ராஸ்க் நிறுவனத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி அவர். குடும்பத்தில் அவருக்கு முந்தைய தலைமுறையில் ஆண்ட்ரியாஸ், ஆண்ட்ரியா என்ற இரட்டையர் ஃபென்ரிஸ் என்ற பெயரில் கைகோத்துக்கொண்டு கொலை செய்து திரிந்தவர்கள், லாரனும் ஆண்டியும் பெற்றிருப்பது அந்தச் சக்தியைத்தான். அந்த ரத்தம் தன் மகனோடு நின்றுவிட வேண்டும் என்று ஆட்டோ ரீட்டின் சின்ன வயதிலேயே மருந்து கொடுத்து அவருடைய மரபணுவை அடக்கி வைத்திருக்கிறார். ஆக, மியூட்டன்ட்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்த மனிதரே மியூட்டன்ட், அதுவும் அவருக்கே தெரியாமல். இந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், ரீட்டாக நடித்த ஸ்டீஃபன் மோயர் அதிகம் பேசாமல் முகத்திலேயே எல்லாவற்றையும் காட்டுகிறார்.

மரபியல் கணக்கும் இதில் சரியாக வருகிறது. பொதுவாகத் தொலைக்காட்சியில் ‘ஒரு தலைமுறை விட்டு அடுத்த தலைமுறைக்கு வந்தது’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இங்கே தலைமுறை விட்டுப் போகவே இல்லை. மருந்து அடக்கியது ரீட்டின் உடம்பில் வெளியே தெரிந்ததை மட்டும்தான், பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டியது அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது. குடும்பத்தில் பெரியவர்கள் மூடி மறைத்த ஒன்று பேரப்பிள்ளைகள் காலத்தில் கூரையைப் பிரித்துக்கொண்டு வெளியே வருவதை இவ்வளவு நேராகச் சொன்ன சூப்பர்ஹீரோ தொடர் வேறு ஒன்றை நான் பார்க்கவில்லை.

மற்ற தொடர்களோடு வைத்துப் பார்த்தால் இதன் அருமை இன்னும் புரியும். 2006-இல் வந்த ‘ஹீரோஸ்’ முதல் சீசன் பிரமாதம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பறக்கிற நேத்தனுக்கும் நெருப்பு உண்டாக்கும் மெரடித்துக்கும் பிறந்த கிளேருக்குக் காயம் தானாக ஆறுகிறது, அதாவது சக்தி இருப்பது மட்டும் வாரிசாக வரும், எந்தச் சக்தி என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்று ஓர் ஒழுங்கு இருந்தது. மூன்றாவது சீசனில் நேத்தனுக்கே சக்தி செயற்கையாகக் கொடுக்கப்பட்டது என்று சொன்னதும் அந்த ஒழுங்கு ஆட்டம் கண்டுவிட்டது. ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்’ எனக்கு ரொம்பவே பிடித்த தொடர். டெரிஜென் என்ற புகை பட்டால் மட்டும் விழிக்கும், இன்ஹியூமன் என்ற வகையினரின் மரபணு, நாயகி ஸ்கைக்கு அம்மா ஜியாயிங் வழியாக அது வந்தது எல்லாம் நல்ல அமைப்பு. அந்தப் புகை கடலில் கலந்து, மீன் எண்ணெய் மாத்திரைக்குள் புகுந்து, ஒன்றும் தெரியாத சாதாரண ஜனங்களுக்குப் போய்ச் சேர்வது அருமையான யோசனை. ஆனால் அங்கே விழிக்க வைப்பது வெளியிலிருந்து வருகிற ஒரு பொருள். ஆண்டிக்கு வந்ததோ அவனுடைய சொந்த வலியிலிருந்து. ‘இன்வின்சிபிள்’ தொடரில் மார்க் கிரேசன் வேலை பார்க்கும் இடத்தில் குப்பைப் பையை வீசும்போது அது வானத்துக்குப் பறந்துவிடும், அவன் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்க்க வேண்டும். சக்தி சந்தோஷமாகவும் விழிக்கலாம் என்று காட்டியதற்கு அந்தக் காட்சியை நான் எப்போதும் உயர்த்திச் சொல்வேன்.

சரி, கிஃப்டெட்டுக்கே வருகிறேன். பிளிங்க் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஜேமி சங் நடித்த இந்தப் பெண்ணுக்கு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வாசல் திறக்கிற சக்தி, ஆனால் அது அவள் பேச்சைக் கேட்பதில்லை. அவசரமாக ஒரு வாசல் தேவைப்படுகிறது என்பதற்காக ட்ரீமர் என்பவள் இவள் மனதுக்குள் ஒரு பொய் நினைவைச் செருகிவிடுகிறாள், கூட இருக்கும் ஜான் என்ற மியூட்டன்டைக் காதலித்தது போல. வாசல் திறக்கிறது, காரியம் நடக்கிறது. ஆனால் பிறகு உண்மை தெரிந்து அவள் கொதிக்கிறபோது நாமும் அவள் பக்கம்தான் நிற்கிறோம். உணர்ச்சி தூண்டினால் சக்தி வரும் என்று எல்லாத் தொடரும் சொல்கிறது, அப்படியானால் ஒருவருடைய உணர்ச்சியை வேறொருவர் அவர் அனுமதி இல்லாமல் தூண்டலாமா என்று கேட்டது இந்தத் தொடர். இதே கேள்வியை, மியூட்டன்ட்களை வைத்து ஆராய்ச்சி செய்யும் டாக்டர் கேம்பலும் தன் ஆய்வகத்தில் இன்னும் கொடூரமாகக் கொண்டுவருகிறார், பிள்ளைகளைக் கைகோக்க வைப்பதற்காக அவர்கள் கண்முன்னாலேயே ஓர் உயிரை எடுத்து.

லோர்னா பற்றியும் ஒரு வார்த்தை. எம்மா டூமான்ட் நடிப்பில் இவள்தான் தொடரின் பெரிய பலம். காந்த சக்தி, பச்சை முடி, அப்பா கொடுத்த ஓர் உலோக வட்டு. அந்த அப்பா மேக்னீட்டோ என்று எக்ஸ்-மென் தெரிந்த எல்லோருக்கும் புரியும், ஆனால் அவர் திரையில் வரவே மாட்டார். வாரிசு என்பது சக்தியோடு நிற்காமல் கோபம், நம்பிக்கை, பக்கம் எடுப்பது வரைக்கும் போகிறது என்பதை அவள் ஒவ்வொரு முடிவிலும் பார்க்கலாம். இரண்டாவது சீசனின் ஆரம்பத்தில் அவளுக்குப் பிரசவ வலி எடுக்கும்போது மின்சாரம் அடங்கி அடங்கி வருவது நல்ல காட்சி.

குறையும் இருக்கிறது, அதுவும் இரண்டாவது சீசனில் நிறையவே. ரீட்டுக்கு அடக்கி வைத்த சக்தி திரும்ப வருகிறது, தொட்ட பொருள் சிதைந்து போகிறது, அது வரைக்கும் சரியான தொடர்ச்சி. ஆனால் லாரனை மாற்றுவதற்கு ஃபென்ரிஸ் இரட்டையரின் பழைய இசைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது எனக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை. முதல் சீசன் முழுக்க ரத்தம், பயம், கோபம் என்று மனிதர்களுக்குள்ளேயே காரணம் தேடிய தொடர், இங்கே ஒரு பெட்டியின் இசையைக் கேட்டால் முன்னோரின் குணம் வந்துவிடும் என்று சொல்வது அவசரம். ரீவா பேஜ் நடத்தும் இன்னர் சர்க்கிள் என்ற தீவிரவாத மியூட்டன்ட் குழுவின் திட்டங்களும் ரொம்ப இழுவை, நடுவில் சில எபிசோடுகள் ஓடவே மாட்டேன் என்கின்றன. கடைசியில் ரீட் தன் சக்தியைத் தடுத்து நிறுத்தாமல் முழுதாக வெளியே விடுகிற காட்சி வந்ததும்தான் தொடர் பழைய நிலைக்குத் திரும்பியது. அப்பா பூட்டி வைத்ததை மகன் தன் பிள்ளைகளுக்காகத் திறந்துவிடுகிறார், அதைப் பார்த்து நான் அழுதேன்.

சண்டைக்காட்சிக்காக மட்டும் பார்ப்பவர்களுக்கு இது மெதுவாகத் தோன்றும். குடும்பக் கதை பிடிக்கும், எக்ஸ்-மென் படங்கள் பார்த்ததில்லை என்பவர்கள் தாராளமாக ஆரம்பிக்கலாம், முன்கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை. முதல் சீசனை ஒரு எபிசோடும் விடாமல் பாருங்கள், இரண்டாவதை லோர்னாவுக்காகவும் ரீட்டுக்காகவும் பாருங்கள். மூன்றாவது சீசன் வரவில்லை, அதனால் கடைசிக் காட்சி புதுக் கதை ஒன்றைத் தொடங்கிவிட்டு அப்படியே நிற்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய ஏமாற்றம் லோர்னாவின் மகள் டான். அம்மாவுக்குக் காந்தம், அப்பா மார்கோஸுக்கு ஒளி, தாத்தா யார் என்று சொல்லவே வேண்டாம். அந்தக் குழந்தைக்கு என்ன வந்திருக்கும், எந்த வயதில், எதற்காக விழித்திருக்கும் என்று இந்தத் தொடரை எழுதியவர்களே சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.